‘சம் லைக் இட் ஹாட்’டுக்கு அம்மாவைக் கூட்டிப் போன கதை

போன மாதம் லண்டனில் எங்கள் பகுதிப் பழைய தியேட்டரில் ‘சம் லைக் இட் ஹாட்’ போட்டார்கள். பில்லி வைல்டர் எடுத்து 1959-இல் வந்த படம். லேப்டாப்பில் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன், தியேட்டரில் பார்த்ததில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் கூட்டிப் போனேன். நான் தன்பாலீர்ப்பாளன் என்று அம்மாவிடம் சொல்லி ஐந்து வருடமாகிறது. சொன்ன நாளோடு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

கதை தெரிந்ததுதான். 1929, சிகாகோ. ரவுடிகள் கொலை செய்வதைப் பார்த்துவிட்ட இரண்டு வாத்தியக்காரர்கள், உயிருக்குப் பயந்து பெண் வேடம் போட்டுப் பெண்கள் பேண்டில் சேர்கிறார்கள். புளோரிடாவில் ஆஸ்குட் என்ற பணக்காரக் கிழவர், ‘டாஃப்னி’யாக வரும் ஜாக் லெமன் மேல் மயங்கிவிடுகிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் ஆஸ்குட் இளித்ததுமே என் காதில், “டேய், இவரு நம்ம ஜெமினி கணேசன்டா!” என்றாள். ‘அவ்வை சண்முகி’யில் மாமியைக் கட்டிக்கொள்ளத் துடிப்பாரே, அதே இளிப்பு.

ஆஸ்குட்டோடு நிச்சயமானதை நண்பனிடம் சொல்லும் காட்சியில் லெமன், கிலுகிலுப்பை மாதிரியான மராக்காஸைக் குலுக்கிக்கொண்டே இருப்பார். வீட்டில் பார்க்கும்போது, என்ன இவ்வளவு நேரம் என்று தோன்றும். சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடக் கூடாது என்றுதான் வைல்டர் அதைக் கையில் கொடுத்தாராம். அது எத்தனை சரி என்று அன்றுதான் தெரிந்தது. “யார் அந்த அதிர்ஷ்டக்காரப் பொண்ணு?” என்று நண்பன் கேட்பான். “நான்தான்!” குலுக்கல். கூரை அதிர்கிறது. “ஆம்பளையை ஆம்பளை எதுக்குக் கட்டிக்கணும்?” “பாதுகாப்புக்கு!” மறுபடி குலுக்கல்.

முன்வரிசையில் எண்பது வயது மதிக்கத்தக்க இரண்டு ஆண்கள். ‘பாதுகாப்புக்கு’ என்றதும் ஒருவர் மற்றவரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. இங்கே 1967 வரை அவர்கள் உறவு குற்றம். படம் வந்தபோது பள்ளிப் பையன்களாக இருந்திருப்பார்கள். அம்மா திரையை விட்டுவிட்டு அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

———

தம்பி, நீ எழுதியதைப் படித்தேன். நான் மேக்கப் கலைஞர், திருநங்கை. இந்தப் படத்தில் எனக்கு முதலில் கண்ணில் படுவது முகப்பூச்சுதான். கலரில் சோதனை எடுத்தபோது இரண்டு பேர் முகமும் பச்சையடித்ததால்தான் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். உடைகளுக்காக ஓரி-கெல்லிக்கு ஆஸ்கர் கிடைத்தது. இந்தப் படம் வாங்கிய ஒரே ஆஸ்கர் அதுதான்.

நான் சென்னையில் ஒரு சின்ன ஹாலில் பார்த்தேன். ரயில் நிலையத்தில் இரண்டு பேரும் ஹீல்ஸில் தள்ளாடி வருவார்களே, அப்போது பின்னாலிருந்து விசில். ஆட்டோ ஸ்டாண்டில் எனக்குக் கிடைக்கும் அதே விசில். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆஸ்குட்டோடு ரோஜாவைப் பல்லில் கடித்து ஆடும் டாங்கோ நடனம் வரை தாங்கினேன். அங்கே டாஃப்னி யாரையும் ஏமாற்ற ஆடவில்லை, பிடித்துத்தான் ஆடுகிறாள். விசிலும் நின்றுவிட்டது. இருந்தாலும், வேடம் போட்ட ஆம்பளையும் நாங்களும் ஒன்றில்லை. அதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லவேண்டியிருக்கிறதோ. சரி, அதை விடு, அம்மா அப்புறம் என்ன சொன்னாங்க?

———

நீங்கள் சொன்ன பிறகு டாங்கோவை மறுபடி போட்டுப் பார்த்தேன் அக்கா. உண்மைதான், முகமே வேறு.

அம்மா படம் முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் படகில் லெமன் விக்கைப் பிடுங்கி, “நான் ஆம்பளைய்யா!” என்று கத்த, ஆஸ்குட் அலட்டிக்கொள்ளாமல், “குறையில்லாத ஆள் யாரு?” என்பாரே. அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாள்:

“அப்ப, அவரு கட்டிக்கிட்டாரா?”

“படம் அதோட முடிஞ்சிருச்சும்மா.”

“கட்டியிருப்பாரு. படகைத் திருப்பவே இல்லையே.”

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும், “உனக்கு யாராச்சும் இருக்காங்களாடா?” என்றாள்.