கீமோவுக்குப் பின் பிளேட்லெட் ஏறவில்லை: ரோமிப்ளோஸ்டிம் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி (மகன், மதுரை):

வணக்கம். 63 வயதான என் தந்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நடந்துவருகிறது. ஆறாவது தவணைக்குச் சென்ற அன்று பிளேட்லெட் 58,000 என்று வந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமும் 64,000தான். ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வரவில்லை. வாரம் ஒரு முறை ரோமிப்ளோஸ்டிம் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். வெள்ளணுவுக்கு முன்பு போட்ட ஊசியே இதற்கும் உதவாதா? பிளேட்லெட் ஏற்றிக்கொண்டால் போதாதா?

பதில் (மருத்துவமனை மருந்தாளுநர்):

ஐயா, வெள்ளணு ஊசியான ஃபில்கிராஸ்டிம் பிளேட்லெட்டை உயர்த்தாது. பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டுவது கல்லீரல் சுரக்கும் த்ராம்போபொய்டின் என்ற ஹார்மோன். ரோமிப்ளோஸ்டிம் அந்த ஹார்மோன் ஒட்டும் அதே ஏற்பியில் (அணுவின் மேலுள்ள, சமிக்ஞை பெறும் புரதம்) ஒட்டிக்கொண்டு, எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய் அணுக்களைப் பெருக்குகிறது. அந்த அணுக்கள் முதிர்ந்து பிளேட்லெட்டுகளாக உதிர நாள் பிடிக்கும் என்பதால், இன்று போட்டால் நாளை எண்ணிக்கை உயரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ரத்தம் கசியும்போதும், எண்ணிக்கை 10,000க்குக் கீழே போகும்போதும் கைகொடுப்பது ஏற்றப்படும் பிளேட்லெட்தான். ஆனால் அது சில நாட்களே தாங்கும். தள்ளிப்போகும் கீமோவைத் தொடர அதை நம்ப முடியாது.

அமெரிக்காவில் இம்மருந்து 2008இல் அனுமதி பெற்றது, நோயெதிர்ப்புக் கோளாறால் பிளேட்லெட் குறைபவர்களுக்காக. கீமோ நோயாளிகளுக்கு மருத்துவரின் முடிவின் பேரில் போடுகிறார்கள். நியூயார்க்கில் நடந்து 2019இல் வெளியான சிறிய ஆய்வில், ஊசி போட்ட 15 பேரில் 14 பேருக்கு மூன்று வாரத்துக்குள் எண்ணிக்கை 1,00,000ஐத் தொட்டது. போடாத 8 பேரில் ஒருவருக்கு மட்டுமே தொட்டது. ஆய்வில் இருந்தவர்கள் குறைவு என்றாலும் வித்தியாசம் கண்கூடானது.

தூளாக வரும் மருந்தைக் கரைக்கும்போது குப்பியைக் குலுக்கக் கூடாது, மெல்லச் சுழற்ற வேண்டும். எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பதில் (மகள், கோவை):

என் அம்மாவுக்குக் கார்போபிளாட்டின், ஜெம்சிடபைன் என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்தபோது இதே நிலைதான். முதல் ஊசிக்குப் பின் நான்காம் நாள் பரிசோதித்துவிட்டு, ஏறவில்லையே என்று அழுதேன். ஒன்பதாம் நாள் 92,000 இருந்தது. பின்னர் வாராவாரம் எண்ணிக்கையைப் பார்த்து அளவைக் கூட்டியும் குறைத்தும் போட்டார்கள். எலும்பு வலி இரண்டு நாள் இருந்தது. வலிக்கு இபுப்ரோஃபென் வேண்டாம் என்று பாராசிட்டமால் மட்டும் தந்தார்கள். பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்லி உறவினர்கள் நச்சரித்தார்கள். மருத்துவரிடம் கேட்காமல் எதையும் கொடுக்கவில்லை.

பதில் (ஓய்வு பெற்ற பொது மருத்துவர்):

இரண்டு விஷயங்களைக் கேட்டு வையுங்கள். ஆக்சாலிபிளாட்டின் சிலருக்குக் கல்லீரலின் நுண்குழாய்களைப் பாதித்து மண்ணீரலை வீங்கவைக்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைத் தன்னிடமே தேக்கிக்கொள்ளும். ஆகவே தந்தையின் பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் அருகருகே வைத்து மண்ணீரலின் அளவை ஒப்பிடச் சொல்லுங்கள். அடுத்தது ரத்தக்கட்டி: புற்றுநோயே ரத்தத்தை உறையவைக்கும் தன்மையுடையது, எண்ணிக்கை அளவுக்கு மீறி ஏறினால் ஆபத்து கூடும். முன்பு காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பிளேட்லெட்டை உயர்த்த 1997இல் அனுமதி பெற்ற ஆப்ரெல்வெகின் என்ற ஊசியை நான் மறக்கவில்லை. நாள்தோறும் போட வேண்டியிருந்தது, உடலில் நீர் கோத்து இதயத் துடிப்பும் தடுமாறியது. அந்தப் பயத்தை ரோமிப்ளோஸ்டிம்மேல் ஏற்றத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:

நன்றி. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், ஜனவரியில் 10.5 செ.மீ. இருந்த மண்ணீரல் இப்போது 13.8 செ.மீ. திங்கட்கிழமை ஊசிக்கு முன் இதைக் காட்டுகிறேன்.