பிள்ளையளோட போய்வர, காசு கரையாத திருவிழா வன்னிக்குள்ள எது?

தர்மபுரத்தான் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மேசன் வேலை செய்யிறனான், இருப்பு தர்மபுரம். மூண்டு பிள்ளையள். மூத்தவளுக்கு 11, நடுவிலானுக்கு 8, கடைக்குட்டிக்கு இன்னும் மூண்டு முடியேல்லை. மாமியும் எங்களோடதான்.

போன வருசம் நல்லூர்த் தேருக்கு வான் பிடிச்சுப் போனனாங்கள். அங்க அர்ச்சனைச் சிட்டை ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் அர்ச்சனைக்கு நான் செலவழிச்சது 26 ஆயிரம். வான் 12 எண்டு பேசி ஏத்தினவர், வந்து இறங்கேக்க "காத்திருந்த காசு" எண்டு இன்னும் மூண்டு வாங்கிப்போட்டார். மிச்சம் ஐஸ்கிறீம், சாப்பாடு, நடுவிலானுக்கு ஒரு ரிமோட் கார். அது பரந்தன் வரமுன்னமே சில்லுக் கழண்டுட்டுது. சனத்துக்குள்ள தேரின்ர முடியைத்தான் பிள்ளையள் கண்டவை. அதுவும் என்ர தோளில ஏறி நிண்டவருக்குத்தான் தெரிஞ்சது.

இந்த முறை வன்னியை விட்டு வெளியில போறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். என்ர ரெண்டு நாள் கூலிக்குள்ள, அதாவது 7 ஆயிரத்துக்குள்ள முடியோணும். வாகனம் எண்டு ஒரு மோட்டச்சைக்கிள்தான், ஆறு பேர் ஏறேலாது. மனுசி சொல்லுறா, "காலமை போய்ப் பின்னேரம் வாறது திருவிழாவே? ஒரு இரவெண்டாலும் கோயில் மண்ணில படுக்கோணும்" எண்டு. மாமிக்கு முழங்கால் வருத்தம், கன தூரம் நடக்கமாட்டா. போய்வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

முள்ளியவளை அம்மம்மா எழுதினது:

தம்பி, உமக்குப் பக்கத்தில வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் இருக்க நீர் ஏன் ஊரெல்லாம் விசாரிக்கிறீர்? வைகாசி விசாகத்தை ஒட்டி வாற திங்கட்கிழமை பொங்கல். தர்மபுரத்தில முல்லைத்தீவு பஸ் ஏறினா முல்லைத்தீவு மட்டும் ஒரே றோட்டு. பொங்கலண்டைக்கு விசேஷ பஸ்ஸும் விடுவினம்.

ஆனா ஒண்டு. திங்கள் இரவு மட்டும் வந்து கும்பிட்டுப் போறவைக்கு அது வெறும் சனக்கூட்டம். பிள்ளையளுக்கு அது எங்க துவங்கினதெண்டு காட்டும். முதல் பாக்குத் தெண்டல், அதாவது பொங்கலுக்குப் பாக்குக் கேட்டு வாங்கிற சடங்கு. பிறகு சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுத்து எங்கட காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டு வருவினம். அந்தக் கடல் தண்ணியிலதான் விளக்கு. எண்ணெய் இல்லை. ஞாயிறு காட்டு விநாயகருக்குப் பொங்கல், அதுக்குப் பிறகு மடைப்பண்டம், அதாவது படையல் சாமான், வற்றாப்பளைக்குப் போகும். அதால நீங்கள் ஞாயிறே முள்ளியவளைக்கு வந்து, விளக்கைப் பாத்திட்டு, அடுத்த நாள் அம்மனிட்டப் போறதுதான் சரி. ரெண்டு நாள் திருவிழா ஒரு பஸ் காசில.

கதையும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போம். மதுரையை எரிச்ச கண்ணகை இலங்கைக்கு வந்து தங்கின பத்தாவது இடம், பத்தாம்பளை, அதுதான் வற்றாப்பளை ஆனதெண்டு எங்கட பழசுகள் சொல்லும். நந்திக்கடல் கரையில மாடு மேய்ச்ச பெடியளிட்டக் கிழவியா வந்து, பொழுதுபட விளக்கேத்தச் சொன்னவாவாம். "எண்ணெய் இல்லை ஆச்சி" எண்டாங்களாம். "கடல் தண்ணியை விட்டு ஏத்துங்கோ" எண்டாவாம். எரிஞ்சுதாம். பிறகு தலையில பேன் பாருங்கோ எண்டு குனிஞ்சா, தலை முழுக்க ஆயிரம் கண். நான் இதைச் சொன்னா எங்கட வீட்டுச் சின்னனுகள் தங்கட தலையைத் தடவிப் பாக்குங்கள்.

செலவுக்கு ஒரு வழி. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாரும். அந்த வெக்கைக்குக் குழைச்ச சோறு பழுதாப்போகும். புட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் எண்டா நிண்டு பிடிக்கும், மாம்பழக் காலம்தானே. வழி முழுக்கத் தண்ணீர்ப்பந்தல், மோரும் சர்க்கரைத் தண்ணியும் தருவினம், சோடாக் கடைப் பக்கம் போகாதையும். கடைக்குட்டியின்ர கையில பேனையால உம்மட போன் நம்பரை எழுதிவிடும். என்ர பேத்தி ஒருக்காத் துலைஞ்சு ஒலிபெருக்கியில பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கிடைச்சவள். காப்புக்கடையில அழுதுகொண்டு நிண்டதில்லை, காப்புப் போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவள்.

மடுறோட் பெடியன் எழுதினது:

அண்ணை, நான் வேதக்காரன், அதால மடு மாதா கோயிலைச் சொல்லாமல் விடேலாது. ஆவணி மடு ஆகஸ்ட் 15, கொடியேற்றம் 6ஆம் திகதி. ஆடி மடு யூலை 2, அதுக்குச் சனம் குறைவு, உங்கட மாமிக்கு அதுதான் சுகம். சைவச் சனமும் சிங்களச் சனமும் எல்லாம் வருவினம், ஒருத்தரும் நீ ஆர் எண்டு கேக்கிறேல்லை.

ஒரு தறப்பாள், நாலு தடி, கயிறு, அரிக்கேன் லாம்பு, சட்டி பானை. காட்டு மரத்துக்குக் கீழ கொட்டில் போட்டா மாசக்கடைசிக் காசும் காணும். நாங்கள் சின்னனில ஒன்பது நாளும் அங்கதான். மருதமடு மாதாவை விட எனக்கு ஞாபகம் பக்கத்துக் கொட்டிலாக்கள் தாற கருவாட்டுக் குழம்புதான், மாதா மன்னிப்பா. ரயிலில வாறதெண்டா கிளிநொச்சியில ஏறி மதவாச்சியில மாறோணும், பிள்ளையளுக்கு அதுவே ஒரு திருவிழா. ஆனா தண்ணிக் கானைக் கையில காவிக்கொண்டு மாறிறது லேசில்லை.

ஒட்டுசுட்டான் மூலை எழுதினது:

உங்களுக்கெல்லாம் பெரிய கோயில்தான் கண்ணில படும். சித்திரை வருசத்துக்கு ஊர் மைதானத்தில நடக்கிற விளையாட்டு விழாவுக்குப் பிள்ளையளைக் கூட்டிப்போனனீங்களே? வழுக்குமரம், முட்டி உடைக்கிறது, யானைக்குக் கண் வைக்கிறது, ஒரு சதம் செலவில்லை. போன முறை நான் கண்ணைக் கட்டிப்போட்டு வைச்ச கண் யானைக்குப் பக்கத்தில நிண்ட அறிவிப்பாளற்ர சேட்டில. இந்த வருசம் முடிஞ்சுது, வாற சித்திரைக்கு ஞாபகம் வைச்சிருங்கோ.

தர்மபுரத்தான் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, மடுவுக்கு ஆடியில பாப்பம். அம்மம்மா, வற்றாப்பளையில மாமி இருக்கிறதுக்கு நிழல் இருக்கோ? மலசலகூட வசதி என்ன மாதிரி?

முள்ளியவளை அம்மம்மா எழுதினது:

மர நிழல் இருக்கு, ஆனா மத்தியானத்துக்கு முன்னம் போய்ப் பாயை விரிச்சாத்தான் உமக்கு. மலசலகூடத்துக்கு வரிசைதான், பின்னேரம் சனம் கூட முன்னம் மாமியைக் கூட்டிக்கொண்டு போம். செருப்பைக் கோயில் வாசலில விடாதையும். பையில போட்டு வைச்சிரும். வெறுங்காலோட மத்தியான மணலில நடக்க விட்டா பிள்ளையள் துள்ளுவினம்.

தர்மபுரத்தான் எழுதினது:

போட்டு வந்தம். ரெண்டு கிழமை ஆச்சு, வீட்டுக்குப் பிளாட் அடிச்சு முடிக்கிற வேலை இருந்ததால இப்பத்தான் எழுதிறன்.

மொத்தம் 5,340. பஸ், கச்சான், ரெண்டு காப்பு, தும்பு முட்டாஸ், மாமிக்கு ஒரு பனையோலை விசிறி. போகேக்க வட்டுவாகல் பாலத்தில பஸ் மெல்ல ஊர, ரெண்டு பக்கமும் தண்ணியைக் கண்டிட்டு கடைக்குட்டி "அப்பா கப்பல்" எண்டு கத்தினது. பஸ்ஸையே கப்பலாக்கிப்போட்டுது. வழியில ஒரு ஆச்சி பாலைப்பழம் பேணியால அளந்து வித்துக்கொண்டிருந்தா. ஒரு பேணி வாங்கினன். மூண்டு பேரும் ஒரே இருப்பில திண்டு, பால் பட்டுச் சொண்டு ரெண்டும் ஒட்டிப்போச்சு. வற்றாப்பளை மட்டும் பஸ்ஸுக்குள்ள சத்தமே இல்லை. அந்தக் காசு எனக்குக் கணக்கில்லை.

இரவு மணலில படுத்தம். மனுசி நித்திரை கொள்ளேல்லை, காவடி பாக்கிறன் எண்டு இருந்திட்டா. எனக்கு நுளம்பு. மூத்தவள் தேரைப் பற்றி ஒரு வருசமாச் சொன்ன குறை இப்ப நிண்டிட்டுது.

ஆனா நடுவிலானால ஒரு கரைச்சல். காட்டு விநாயகரில விளக்கைப் பாத்ததில இருந்து அவனுக்கு வேற கதை இல்லை. வீட்டை வந்து ரெண்டாம் நாள், குசினியில உப்புக் கரைச்ச தண்ணியைச் சிட்டியில விட்டு, என்ர சாரத்துத் துண்டைத் திரியாக்கி, ஒரு நெருப்புப்பெட்டி முழுக்க முடிச்சுப்போட்டான். பத்தேல்லை. கண்ணெல்லாம் கலங்கி மாமியிட்டப் போய், "அம்மம்மா, கோயிலில எரியுது, எனக்கேன் எரியேல்லை?" எண்டு கேட்டான்.

மாமி விசிறியை நிப்பாட்டாமல் கேட்டா, "நீ பாக்குத் தெண்டினியே?"