தடிமனான செம்புப் பூச்சு கொதித்தலைக் கெடுக்குமா?

செம்புப்பொடி:
வணக்கம். 100 மைக்ரான் செம்புப் பொடியைச் செம்புக் கட்டை மேல் சின்டர் செய்து (உருக்காமல் சூடாக்கி, துளைகளுள்ள பூச்சாக ஒட்டவைத்து), சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பார்க்கிறேன். ஒரு பூச்சு 0.3 மி.மீ., இன்னொன்று 1 மி.மீ. ஆரம்பத்தில் இரண்டுமே வெறும் பரப்பைவிட நன்றாக வேலை செய்கின்றன. சதுர செ.மீ.க்கு 60 வாட் தாண்டியதும் தடிமனான பூச்சில் மட்டும் வெப்பநிலை மளமளவென்று ஏறுகிறது. துளை கூடினால் குமிழியும் கூடத்தானே வேண்டும்?

நீராவி:
குமிழி பிறந்தால் மட்டும் போதாது தம்பி, அது வெளியேற வழி வேண்டும். அதே வழியில்தான் தண்ணீரும் உள்ளே இறங்க வேண்டும். 1 மி.மீ. அடுக்கில் நீராவி மேலே வர முட்டிமோதும்போது தண்ணீர் அடிவரை போய்ச் சேராது. அடிப்பகுதி காய்ந்துவிடும், கொதிப்பு மேல்பக்கம் நகர்ந்துவிடும். பிறகு வெப்பம் அந்தக் காய்ந்த அடுக்கு முழுவதையும் கடந்துதான் வர வேண்டும். திடச் செம்பின் கடத்துதிறன் சுமார் 400 வாட்/மீ.கெ.; துளை நிறைந்த செம்பில் அது பல மடங்கு குறைவு. 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட்/ச.செ.மீ. வெப்பப் பாய்வில் அரை மி.மீ. கடக்கவே 12.5 டிகிரி போய்விடும்!

பொடியின் விட்டத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு தடிமன் நல்ல தொடக்கம். உங்கள் 0.3 அங்கேதான் இருக்கிறது. தடிமன் வேண்டும் என்றால் ஒரே மட்டமாகப் போடாதீர்கள், குன்று குன்றாகப் போடுங்கள். பள்ளத்தில் தண்ணீர் இறங்கும், நீராவிக்குத் தனி வழி கிடைக்கும். லிட்டர், காவியானி என்ற ஆய்வாளர்கள் 2001-ல் பென்டேன் என்ற திரவத்தை வைத்து இப்படிச் செய்து, உச்ச வெப்பப் பாய்வை (பரப்பு காய்ந்துபோகாமல் கொதிப்பு தாங்கும் எல்லையை) ஏறக்குறைய மூன்று மடங்காக்கினார்கள். படிக்கும்போதே சிலிர்க்க வைக்கும் வேலை அது.

செம்புப்பொடி:
மிக்க நன்றி சார். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் பரப்பிலிருந்து 2 மி.மீ. கீழே இருக்கிறது. அதைப் பொருட்படுத்த வேண்டுமா?

நீராவி:
கண்டிப்பாக. 100 வாட்/ச.செ.மீ.யில் அந்த 2 மி.மீ. செம்பிலேயே 5 டிகிரி இறங்கும். நல்ல பூச்சின் மிகைவெப்பமே (கொதிநிலையைவிடப் பரப்பு கூடுதலாகச் சூடாக இருக்கும் அளவே) அந்த அளவுதான் வரும், கழிக்காவிட்டால் வரைபடமே பொய். கட்டையைச் சாலிடர் வைத்து ஒட்டியிருந்தால் அதற்கும் தனியாகக் கணக்கு வையுங்கள்.

குளிர்பதனி:
நான் தண்ணீரை விட்டுக் குளிர்பதனத் திரவங்களில் வேலை செய்கிறேன். அவை பரப்பை அதிகம் நனைப்பவை, குழிகளுக்குள் புகுந்து அங்கே தங்கிய ஆவியை விரட்டிவிடும். அதனால் கொதிப்பு தாமதமாகத் தொடங்கி, தொடங்கியதும் வெப்பநிலை தடாலென்று விழும். வாய் குறுகி உள்ளே அகன்ற, ஒன்றோடொன்று இணைந்த துளைகள்தான் இதற்கு மருந்து. யூனியன் கார்பைடு என்ற அமெரிக்க வேதி நிறுவனத்தின் மில்டன் 1968-ல் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடியும் அதுதான். தண்ணீரில் செய்தாலும், முதலில் நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைந்த காற்றை வெளியேற்றிவிடுங்கள். பாய்வை ஏற்றும்போது எடுக்கும் அளவுகளை இறக்கும்போதும் எடுங்கள். இரண்டு கோடுகளும் விலகினால், துளைகள் எந்த அளவுக்குத் தூங்கிக் கிடந்தன என்று அந்த இடைவெளியே காட்டிவிடும்.