தேக்கு உத்திரத் தளத்தின் மேல் டைல்ஸும் தடுப்புச் சுவரும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கட்டுமானப் பொறியாளர், பழைய வண்ணாரப்பேட்டை:

மண்ணடி, ஜார்ஜ் டவுன், இராயபுரம் பகுதிகளில் பழைய மாடி வீடுகளைப் புதுப்பிக்க அழைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "தேக்கு உத்திரம்தானே ஐயா, தாங்காதா?" என்பதுதான். பெரும்பாலும் தாங்கும். ஆனால் மேலே டைல்ஸ் ஒட்டவும் சுவர் எழுப்பவும் போகிறவர்கள், அந்த உத்திரம் எவ்வளவு வளையும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மரம் ஒரு சென்டிமீட்டர் வளைந்து நிமிர்ந்தாலும் அதற்கு எதுவும் ஆவதில்லை. அதன் மேல் ஒட்டிய விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் செங்கல் சுவருக்கும் அவ்வளவு நெகிழ்வு கிடையாது.

மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய மாடித்தள முறையில் உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சாய்கோணமாகக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் ஜல்லியும் போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதித்தார்கள். சுண்ணாம்பு மெல்ல இறுகுவதால், மரம் தொய்யும்போது தளமும் ஓரளவு இணங்கிக் கொண்டது. சிமென்ட் கலவைக்கு அந்த இணக்கம் இல்லை.

மரக் கட்டமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 883, ஓடு போன்ற நொறுங்கும் பொருட்களைத் தாங்கும் உத்திரங்களின் வளைவு, அவை தாங்கலுக்குத் தாங்கல் கடக்கும் நீளத்தில் 360-இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. மற்றவற்றுக்கு 240-இல் ஒரு பங்கு. இதை எண்ணில் பார்த்தால்தான் புரியும். 75 மி.மீ. அகலமும் 150 மி.மீ. உயரமும் உள்ள தேக்கு உத்திரங்கள் 450 மி.மீ.க்கு ஒன்றாக 3.6 மீட்டர் அகல அறையைக் கடக்கின்றன என்று கொள்வோம். அனுமதி 10 மி.மீ. சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற வீட்டுப் புழக்கச் சுமைக்கு மட்டுமே வளைவு ஏறத்தாழ 9 மி.மீ. வந்துவிடுகிறது. 40 மி.மீ. கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு இன்னும் 100 கிலோ; அதனால் மேலும் 4 முதல் 5 மி.மீ. வளையும். ஏற்கெனவே உள்ள தளத்தின் எடையால் வளைந்தது தனி. மரம் நிலையான சுமையின் கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொய்ந்துகொண்டே போகும் என்பதால், இன்று கணக்கில் வரும் எண் நாளைக்குக் கூடவே செய்யும்.

இதில் நான் அடிக்கடி காண்பதும் எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் ஒன்று உண்டு. நடுவில் 25 மி.மீ. பள்ளம் விழுந்த தளத்தை ரசமட்டத்துக்குக் கொண்டுவருவதற்காக, அந்தப் பள்ளத்தைக் கலவையால் நிரப்புகிறார்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோவைக் கொண்டுபோய், உத்திரம் மிக எளிதாக வளையும் நடு இடத்திலேயே வைக்கிறார்கள். அதற்குப் பதிலாக உத்திரங்களின் மேல் புறத்தைத் திறந்து, ஒவ்வொரு உத்திரத்தின் இருபுறமும் மட்டமான பட்டைகளை இணைத்து, தண்ணீர் தாங்கும் பிளைவுட் பரப்புவதே சரி.

அறையின் நடுவே, உத்திரங்களுக்குக் குறுக்காக இரும்பு பீம் ஒன்று கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. பரவலான சுமையில் வளைவு, நீளத்தின் நான்காம் அடுக்கில் மாறுவதால், அந்த நீளம் பாதியானால் வளைவு 16-இல் ஒரு பங்காகிறது. மேலே சொன்ன 9 மி.மீ., 1 மி.மீ.க்கும் கீழே இறங்குகிறது. அந்த பீமும் வளையும் என்பதால் அதற்கும் தனிக் கணக்கு வேண்டும். அதன் முனைகளைப் பழைய சுண்ணாம்புச் சுவரில் வெறுமனே செருகாமல், கீழே கான்கிரீட் திண்டு போட்டே உட்கார வைக்க வேண்டும்.

வீட்டு உரிமையாளர், மண்ணடி:

எங்கள் மாடிக் கூடத்தை இரண்டாகப் பிரிக்க, மேஸ்திரி ஒருவரின் யோசனைப்படி நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பப்பட்டது. அது உத்திரங்களின் போக்கிலேயே, இரண்டு உத்திரங்களுக்கு இடையில் அமைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் சுவரின் நடுவிலிருந்து இரு மூலைகளை நோக்கிச் சாய்வாக வெடிப்பு ஓடியது. கதவு நிலை இறுகியது. அருகிலிருந்த டைல்ஸைத் தட்டினால் வெற்று ஓசை கேட்டது. பார்வையிட வந்த பொறியாளர், பூச்சு சேர்ந்த அந்தச் சுவர் 3 மீட்டர் உயரத்தில் மீட்டருக்கு 800 கிலோவுக்குக் குறையாது என்றார். மேலே ஐயா சொன்ன அளவுள்ள ஒரே உத்திரம் அதைத் தனியாகச் சுமந்தால் என்ன ஆகும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

கட்டுமானப் பொறியாளர், பழைய வண்ணாரப்பேட்டை:

கணக்கு 80 மி.மீ.க்கு மேல் காட்டும், ஐயா. அதற்கு முன்பே மரம் முறிந்துவிடக்கூடும். உங்கள் தளம் நிற்பதற்குக் காரணம், செங்கல் அடுக்கு சுமையைப் பக்கத்து உத்திரங்களுக்கும் பகிர்ந்ததுதான். அந்தச் சுவரை நீக்கிவிட்டு, ஜிப்சம் பலகைத் தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தில் மீட்டருக்கு 100 கிலோ கூட வராது. அதை உத்திரங்களுக்குக் குறுக்காக அமைத்தால் பல உத்திரங்கள் பங்கிட்டுக்கொள்ளும். உத்திரத்தின் போக்கிலேயேதான் வர வேண்டுமென்றால், தடுப்பின் கீழ் இரட்டை உத்திரம் தேவை. தடுப்பின் உச்சியை மேல் தளத்தோடு இறுக்கிவிடாமல் 10 முதல் 15 மி.மீ. விட்டு, நெகிழும் பொருளால் அடையுங்கள். இல்லையென்றால் மேல் தளம் தொய்யும்போது உங்கள் தடுப்பையே முட்டாக எடுத்துக்கொள்ளும்.

தச்சுப் பணியாளர், இராயபுரம்:

ஐயா சொன்னதோடு பட்டறைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். கீழே பீம் கொடுக்க இடமில்லாத வீடுகளில், உத்திரத்தின் பக்கவாட்டில் 150 மி.மீ. உயரமுள்ள ‘C’ வடிவ இரும்பு சானலை வைத்துப் போல்ட் போடுகிறோம். மேலே சொன்ன அளவுத் தேக்கைப் போல ஏழு மடங்கு விறைப்பு அந்த ஒரு சானலுக்கு உண்டு. போல்ட்டை முறுக்குவதற்கு முன், ஜாக்கி வைத்துச் சுமையை மெதுவாகத் தளர்த்த வேண்டும்; அப்படிச் செய்யாவிட்டால் சானல் புதிய சுமையை மட்டுமே பங்கிடும். பழைய தொய்வு முழுவதையும் ஒரே மூச்சில் நிமிர்த்த முயன்றால் மேலிருக்கும் சுண்ணாம்புத் தளம் விரிந்துவிடும்.

கடற்காற்றும் சுவர் ஈரமும் சேரும் எங்கள் பகுதியில், சுவருக்குள் புதைந்த உத்திர முனையைத் திருப்புளியால் குத்திப் பார்த்தே தீர வேண்டும். முனை இற்றிருந்தால் நடுவில் எவ்வளவு வலுவூட்டினாலும் தளம் இறங்கும்.

புதிதாக நடு பீம் வைத்த அறைகளில் டைல்ஸ் ஒட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பீமுக்கு மேலே உத்திரம் கூன் போடும்; அங்கே டைல்ஸின் மேற்பரப்பு இழுபடும். அந்தக் கோட்டின் மேல் டைல்ஸின் நடுப்பகுதி வராமல் இணைப்பு வரும்படி அடுக்கி, அந்த ஒரு வரிசையில் மட்டும் சிமென்ட் குரவுட்டுக்குப் பதிலாக நெகிழும் சீலன்ட் நிரப்பச் சொல்லுங்கள்.