கணைய அறுவைக்குப் பின் ட்ரெயின் குழாய் கட்டாயமா?

கேள்வி: விப்பிள் (கணையத்தின் தலைப்பகுதியை எடுத்து, மீதியைக் குடலோடு இணைக்கும் அறுவை) முடித்ததும் எல்லாருக்கும் ட்ரெயின், அதாவது வயிற்றில் சேரும் திரவத்தை வெளியே வடிக்கும் குழாய், வைக்கிறோம். குழாய் வழியே கிருமி ஏறும், வைக்காமலே விடலாம் என்கிறார்கள் சிலர். யாருக்கு விடலாம்? வைத்தால் எப்போது எடுப்பது?

பதில் 1: எல்லாருக்கும் விட்டுவிடுவது ஆபத்து. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ட்ரெயின் இல்லாதவர்களில் இறப்பு 12%, இருந்தவர்களில் 3%. 2016இல் வந்த ஜெர்மன் ஆய்விலோ வைக்காதவர்கள் மோசமாகவில்லை. எனவே கணையத்தைத் தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள், சார். வெண்ணெய் போல மெத்தென்று இருந்து, நாளமும் (கணைய நீர் வடியும் குழாய்) 3 மி.மீ.க்குள் என்றால் கட்டாயம் வையுங்கள். அங்கே தையல் அறுத்துக்கொள்ளும். நாள்பட்ட அழற்சியில் இறுகி நாளம் விரிந்திருந்தால் தையல் நன்றாகப் பிடிக்கும், விடலாம்.

பதில் 2: வைப்பதைவிட எடுக்கும் நாள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறுவைக்குப் பின் முதல் நாள் ட்ரெயின் திரவத்தில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் நொதி) லிட்டருக்கு 5000 யூனிட்டுக்குள் இருந்தால் 3ஆம் நாளே உருவிவிடுங்கள். இத்தாலியின் வெரோனாவில் நடந்த ஆய்வில் அப்படி எடுத்தவர்களுக்குக் கணைய நீர்க் கசிவு 1.8%, 5ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ எடுத்தவர்களுக்கு 26%.

சாம்பிளைப் பையில் தேங்கியதிலிருந்து எடுக்காதீர்கள். பையைக் காலி செய்து, புதிதாக வடிவதை அனுப்புங்கள். வடிதல் திடீரென நின்றால் நல்லது என்று நம்ப வேண்டாம், ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம்) குழாயை அடைத்திருக்கலாம். காய்ச்சலோ நாடித்துடிப்போ ஏறினால் சிடி எடுங்கள். சில நாள் கழித்துக் குழாயில் கொஞ்சம் புது ரத்தம் தெரிந்தாலும் உடனே சிடி ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்). பெரிய ரத்தப்போக்குக்கு அதுதான் முன்னறிவிப்பு.

கேள்வி கேட்டவர்: நன்றி. கணையத்தின் வால்பகுதி மட்டும் எடுத்தால்?

பதில் 1: அங்கே குடலோடு இணைப்பு இல்லை. 2024இல் வந்த நெதர்லாந்து, இத்தாலி ஆய்வில் ட்ரெயின் இல்லாதவர்களுக்கே கசிவுத் தொல்லை குறைவு. தைரியமாக விடலாம்.