பெட்டி போனது வேறு நாட்டுக்கு: டொமினிக்கா போய்வந்த சிலரின் அனுபவங்கள்

டொமினிக்கா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. எனக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம் வழியில் என் பெட்டியை ஏற்றியவருக்குத் தெரியவில்லை போலும். நான் டொமினிக்காவின் டக்ளஸ்-சார்ல்ஸ் விமான நிலையத்தில் நின்றேன். பெட்டி டொமினிகன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவுக்குப் போய்விட்டது. டொமினிக்கா ஆங்கிலம் பேசும், சுமார் 70,000 பேர் வாழும் கரீபியன் மலைத்தீவு. டொமினிகன் குடியரசோ ஒரு கோடிப் பேருக்கு மேல் ஸ்பானிய மொழி பேசும் நாடு. ‘டொமினீக்கா’ என்று ‘னீ’யை நீட்டிச் சொல்லுங்கள், பெட்டிச் சீட்டையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். விமான நிலையம் வடகிழக்கில், தலைநகர் ரோசோ தென்மேற்கில். மாற்றுச் சட்டைகூட இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போனேன்.

*

உங்களைச் சிக்கலில் விட்டது பெட்டி, என்னை விட்டது என் வாய். ரோசோவில் ஒரு கடைக்குள் நுழைந்ததும் தண்ணீர் பாட்டில் என்ன விலை என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்து, நிறுத்தி நிதானமாக, ‘குட் மார்னிங்’ என்றார். நானும் சொன்ன பிறகுதான் விலை வந்தது. மினிபஸ்ஸில் ஏறுகிறவர்களும் உள்ளே இருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அமெரிக்க டாலர் கொடுத்தேன், மீதி கிழக்குக் கரீபியன் டாலரில் வந்தது. ஒன்றுக்கு 2.70 என்பது 1976 முதல் மாறாத கணக்கு.

*

கொதிக்கும் ஏரிக்குப் போகிறவர்கள் வழிகாட்டி இல்லாமல் கிளம்ப வேண்டாம். போக வர ஆறேழு மணி நேர நடை, பாதி வழி சேறு. ஏரிக்கு முந்தைய பள்ளத்தாக்கில் கால் வைக்கும் இடமெல்லாம் புகைகிறது. எங்கள் வழிகாட்டி பையிலிருந்து முட்டைகளை எடுத்து, குமிழியிடும் வெந்நீர் ஊற்றில் போட்டு அவித்துக் கொடுத்தார். உப்பு மறந்துவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டார்! ஏரி நீராவிக்குள் ஒளிந்திருந்தது. காற்று ஒரு கணம் விலக்கியபோது, சாம்பல் நிறத் தண்ணீர் நடுவில் பொங்கிக்கொண்டிருந்தது. மாலையில் பார்த்தால் என் வெள்ளி மோதிரம் கந்தகப் புகையில் கறுத்திருந்தது.

*

செப்டம்பரில் போகலாமா?

*

வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் இந்தத் தீவின் கூரைகளைப் பெயர்த்துப் போட்டது. பிப்ரவரி முதல் மே வரை மழை குறைவு.

*

முதலில் எழுதியவரே, பெட்டி கிடைத்ததா?

*

ஐந்தாம் நாள் வந்தது. நான் ஊர் திரும்பிய நாளும் அதுதான்.