வில்லுப்பாட்டுக் குழுவுக்கு யூடியூப் மாதச் சந்தா கட்டுப்படி ஆகுமா?

தோவாளை உடுக்கை எழுதியது:

எங்களுடையது ஆறு பேர் கொண்ட வில்லுப்பாட்டுக் குழு. என் பெரியப்பாதான் கதை பாடும் புலவர், நான் உடுக்கை. கும்பப்பூ அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் கொடை என்கிற கோயில் திருவிழா தொடங்கிவிட்டால் தூங்கக்கூட நேரம் இருக்காது, ஆடியிலும் கொஞ்சம் ஓடும், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு வில்லைச் சுவரில் சாத்திவிட்டு ஆளாளுக்குக் கிடைத்த வேலைக்குப் போக வேண்டியதுதான். நான் பிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன், குடம் அடிக்கிற அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார்.

2020இல் ஊரடங்கு வந்ததே பங்குனி மாதத்தில். அந்த வருடக் கொடை எல்லாம் போனது, வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கேட்ட ஊரும் உண்டு. அப்போது யூடியூபில் போடத் தொடங்கியதுதான் முத்துப்பட்டன் கதை, நீலி கதை, சுடலைமாடன் கதை எல்லாம். கேட்கிறவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிற நம்மூர்க்காரர்கள். "காசு எப்படி அனுப்ப?" என்று அவர்களே கமெண்டில் கேட்கிறார்கள். மாதம் 59 ரூபாய் மெம்பர்ஷிப் வை, கட்டுகிறவர்களுக்கு மட்டும் முழுக்கதை, மற்றவர்களுக்கு அரை மணி நேரத் துண்டு என்று தங்கச்சி சொல்கிறாள்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "சாமி கதைய காசு கட்டினவனுக்கு மட்டும் சொல்லவாலே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் ஐப்பசியில் அரிசி வாங்கவும் வேண்டும் அல்லவா. கலைஞர்கள் இப்படி ரசிகர்களிடம் மாதாமாதம் வாங்குவது சரியா, வாங்கினால் கட்டுப்படி ஆகுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் பென்சில் எழுதியது:

நான் படக்கதை வரைகிறேன், ரசிகர்கள் மாதாமாதம் காசு கட்டுகிற பேட்ரியான் தளத்தில் இருக்கிறேன், அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

யூடியூப் மெம்பர்ஷிப்பில் வரி போக மிஞ்சுவதில் 30 சதவீதம் அவர்களுக்கு, 70 உங்களுக்கு. வரியை மறந்துவிட்டே பாருங்கள்: 100 பேர் 59 ரூபாய் கட்டினால் 5,900, உங்கள் கைக்கு 4,130, ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 688 ரூபாய். இலவசமாகப் பார்க்கிறவர்களில் 100 பேரைச் சந்தா கட்டவைப்பது லேசான காரியமும் இல்லை. கெவின் கெல்லி 2008இல் எழுதிய "ஆயிரம் உண்மையான ரசிகர்கள்" கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் அவர் போட்ட கணக்கு ஒரு ரசிகர் வருடத்துக்கு 100 டாலர் தருவார் என்பது. நம் ஆட்களிடம் அந்தக் கணக்கைப் போட்டால் தலை சுற்றும்.

பேட்ரியானில் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்கு 10 சதவீதக் கழிவு, பணம் கைமாறும் கட்டணம் தனி. 2024 நவம்பரிலிருந்து ஐபோன் ஆப் வழியாகப் புதிதாகச் சேருகிறவர்களின் பணத்தில் ஆப்பிளும் 30 சதவீதம் கேட்கிறது. அதனால் என் பக்கத்துக்கு வருகிறவர்களிடம் பிரவுசரில் போய்ச் சேருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

இந்தியாவுக்குள் இருந்து கட்டுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் புது விதி கொண்டுவந்தது. முதலில் ஓடிபி கொடுத்துப் பதிய வேண்டும், ஒவ்வொரு முறையும் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் வங்கி தகவல் அனுப்ப வேண்டும். விதி நல்லதுதான், எனக்கே தெரியாமல் என் கணக்கில் கை வைத்த கம்பெனிகள் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டைச் செய்யாத வெளிநாட்டுத் தளங்களில் நம்மூர் கார்டுகள் வரிசையாக விழுந்தன. ஆதரிக்க மனசு இருந்த ஆட்களே கட்ட முடியாமல் போனார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், வையுங்கள் என்றுதான் சொல்வேன். பேட்ரியானை 2013இல் தொடங்கிய ஜாக் காண்டே ஒரு இசைக்காரர். கைக்காசைக் கொட்டி எடுத்த வீடியோவுக்கு விளம்பரத்தில் வந்தது சொற்பம் என்ற எரிச்சலில்தான் அதைத் தொடங்கினார். அந்த எரிச்சல் உங்களுக்கும் இருக்குமே. இரண்டு லட்சம் பேர் பார்ப்பது பிழைப்புக்கு உதவாது, நாற்பது பேர் கட்டினால் மாதம் முடிவில் என்ன வரும் என்றாவது தெரியும்.

தோஹா மக்கா எழுதியது:

கட்டுகிற பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

நான் கத்தாரில் இருக்கிறேன், எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடைக்கு இன்றைக்கும் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் பிரிக்கிற பணம், கட்டுகிறேன், தம்பி ஊரில் கட்டிவிட்டு வாட்ஸாப்பில் ரசீது அனுப்புவான். கொடைக்கு நான் போய்ப் பல வருடம் ஆயிற்று, ஆனாலும் வரி நிற்கவில்லை. அந்தக் காசில்தானே வில்லும் நையாண்டி மேளமும் வருகிறது? தலைக்கட்டு வரி என்பது ஊர் முழுக்கச் சேர்ந்து கட்டுகிற சந்தா இல்லாமல் வேறு என்ன? வெளியூரிலிருந்து வந்த மருமகன், வழியில் போகிறவன், கடலை விற்கிறவன் எல்லாம் விடிய விடிய உட்கார்ந்து கேட்பான், நீ வரி கட்டினாயா என்று அவனை யாரும் எழுப்பிவிட்டது கிடையாது. பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டுகிறவன் கட்டட்டும், கதை எல்லோருக்கும் திறந்து கிடக்கட்டும்.

தங்கச்சி சொல்கிற அரை மணி நேரத் துண்டு வேண்டவே வேண்டாம். முத்துப்பட்டன் கதையைப் பாதியில் நிறுத்தி மீதிக்குக் காசு என்றால் நானே கோபத்தில் போய்விடுவேன். மெம்பருக்கு வேறு ஏதாவது கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. என் பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், கதை நடுவில் வருகிற பழைய வார்த்தைகள் அவர்களுக்குப் புரிவதில்லை. பத்து நிமிடம் பெரியப்பா உட்கார்ந்து அதைப் பேச்சுவாக்கில் விளக்கினால் நான் 159 ரூபாய்க்கும் கட்டுவேன்.

இன்னொன்று, 30 சதவீதத்தை ஏன் விட வேண்டும்? என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) வைத்திருக்கிறவர்கள் கத்தார், அமீரகம், சவுதி, ஓமன் நம்பரிலேயே யூபிஐ பயன்படுத்தலாம் என்று 2023இல் அனுமதி வந்துவிட்டது. நம் வங்கி அதைத் தருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வீடியோவுக்குக் கீழே க்யூஆர் போடுங்கள்.

மார்த்தாண்டம் பென்சில் எழுதியது:

க்யூஆர் போடலாம், ஆனால் முதல் மாதம் உணர்ச்சிவசப்பட்டு ஐந்நூறு அனுப்புகிறவர் மூன்றாம் மாதம் மறந்துவிடுவார். தானாகப் பிடிக்கிற சந்தாவுக்குத்தான் ஐப்பசியில் பலம். இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பழைய சந்தாதாரர் எழுதியது:

தம்பி, நான் சிற்றிதழ்க் காலத்து ஆள். நீங்கள் புதுசாகப் பேசுவதெல்லாம் நாங்கள் மணியார்டர் பாரத்தில் பார்த்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய "எழுத்து" இதழ் 1970 வரை வந்தது, அந்த மனிதர் புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். நம் நாகர்கோவிலிலிருந்தே 1988இல் சுந்தர ராமசாமி காலச்சுவடு இதழைத் தொடங்கினார், இடையில் நின்று பிறகு மீண்டும் வந்தது. இவை பெயர் நின்ற பத்திரிகைகள். நாலு இதழோடு நின்று போனவற்றுக்கு நான் கட்டிய ஆண்டுச் சந்தாக்கள் எத்தனையோ, அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

ஆனால் நடத்தியவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆண்டுச் சந்தா முதல் மாதமே வந்துவிடும், அது முதல் இதழின் அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் போய்விடும், மீதி இதழ்கள் அந்த ஆள் தலையில் கடனாக நிற்கும். சொந்த ஊர்க் கடைத்தெருவில் சந்தாதாரரைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் போன ஆசிரியரை எனக்குத் தெரியும். அதனால் மாதம் இரண்டு கதை, வாரம் ஒரு நேரலை என்று எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். சித்திரையில் இரவு முழுக்கப் பாடிவிட்டு வந்து, தொண்டை கட்டிய பெரியப்பாவை மெம்பருக்காக மைக் முன்னால் உட்காரவைப்பீர்களா? கொடை மாதங்களில் ஒன்றும் வராது என்று சேரும் இடத்திலேயே எழுதிப் போடுங்கள். மழைக்காலத்தில்தான் உங்களுக்கு நேரம், அப்போதுதான் காசும் வேண்டும், இரண்டும் பொருந்தி வருகிறதே.

மாதாமாதம் காசு வாங்கினால் கலை கெட்டுப்போகும் என்று சிலர் வருவார்கள். ராஜா கொடுத்தபோது கெடவில்லையா? அதைக் காதில் வாங்க வேண்டாம்.

வெட்டூர்ணிமடம் சைக்கிள் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து தம்பியை அமெரிக்கக் கம்பெனிக்கு வரி கட்டவைக்கிறீர்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை, காரணம் வேறு. கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரிக்கும் சீரியல் லைட்டுக்கும் வாரி இறைக்கிற கமிட்டிக்காரர்கள் வில்லு என்று வந்தால் ஐந்நூறுக்குப் பேரம் பேசுவார்கள். கேட்டால் "நீங்கதான் யூடியூப்ல சம்பாதிக்கியளே" என்பார்கள். சந்தா வந்தால் அந்தப் பேச்சுக்கு இன்னும் வசதி. ஊர் கொடுக்க வேண்டிய கூலியை ரசிகன் தலையில் தள்ளுவதுதான் கடைசியில் நடக்கும். முதலில் கொடைக்கு வாங்குகிற தொகையைக் குழுக்கள் எல்லாம் பேசிவைத்து ஏற்றுங்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. கொடையில் நீங்கள் பாடுவதைக் கேமராக்காரர் எடுத்து அவர் சேனலில் நேரலை விடுகிறாரே, அந்த விளம்பரக் காசு யாருக்கு? அச்சாரம் வாங்கும்போதே கேளுங்கள்: வீடியோ எங்களுடையது, அல்லது அதற்குத் தனித் தொகை. அதைச் செய்யாமல் 59 ரூபாய்க்குக் கையேந்தினால் எப்படி?

அந்தப் பேட்ரியான் கதையிலும் பாதியைச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 செண்டும் கட்டுகிறவரிடமே வாங்குவோம் என்று அறிவித்தார்கள், ஒரு டாலர் கட்டுகிறவனுக்கு 1.38 ஆகிவிடும். ஜனங்கள் சந்தாவை ரத்து செய்யச் செய்ய ஒரு வாரத்தில் பின்வாங்கினார்கள். அவன் விதியை மாற்றினால் உங்கள் ஐப்பசி அரிசியும் மாறும்.

தோஹா மக்கா எழுதியது:

அண்ணாச்சி, கமிட்டி தொகையைக் கூட்டட்டும், இவர்கள் வீடியோவும் கேட்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அது நடக்கும்வரை குடம் அடிக்கிறவர் என்ன சாப்பிடுவார்? 1980களில் சினிமா இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா கூட்டமும் கேரளத்தில் ஊர் ஊராகப் படம் போட்டுக்காட்டிச் சனங்களிடம் காசு சேர்த்துத்தானே தங்கள் படத்தை எடுத்தார்கள். அதைக் கையேந்துவது என்று நான் சொல்ல மாட்டேன்.

வெட்டூர்ணிமடம் சைக்கிள் எழுதியது:

அது ஒரு படத்துக்கு ஒரு முறை. இது ஆயுள் முழுக்க. வித்தியாசம் இருக்கிறது மக்கா.

தோவாளை உடுக்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, சண்டை போட்டவருக்கும் சேர்த்து. கேமராக்காரர் விஷயத்தை நாங்கள் யோசித்ததே இல்லை, அடுத்த அச்சாரத்திலிருந்து கேட்போம்.

தலைக்கட்டு வரிக் கணக்கைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "கதைய பூட்டாண்டாம், அப்படின்னா சரி" என்றார். முழுக்கதைகள் திறந்தே இருக்கும். மெம்பர்களுக்கு மழை மாதங்களில் பெரியப்பாவின் விளக்கம், அதோடு உடுக்கைப் பாடம் கொஞ்சம். பங்குனி, சித்திரை, ஆடியில் ஒன்றும் கிடையாது என்று முதல் வரியிலேயே போடுகிறோம். கீழே க்யூஆரும் உண்டு.

ஒன்றுதான் தீரவில்லை. பணம் ஒரே ஆள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், இப்போது அது என் கணக்கு. கொடைப் பணத்தில் புலவருக்குக் கூடுதல் பங்கு என்பது பழைய வழக்கம். இதிலும் அதே பங்கா, ஆறு பேருக்கும் சமமா?

மார்த்தாண்டம் பென்சில் எழுதியது:

எதுவானாலும் முதல் ரூபாய் வருவதற்கு முன்னால் தாளில் எழுதி ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்கள். மாதக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழு வாட்ஸாப்பில் போட்டுவிடுங்கள். 688 ரூபாய்க்கு உடைந்த நட்பு எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டூர்ணிமடம் சைக்கிள் எழுதியது:

குடம் அடிக்கிறவருக்கும் சமப் பங்கு என்றால் நானும் 59 கட்டுகிறேன். லிங்கைப் போடு.